நாலுக்கு முப்பத்திரண்டு: ரவுட்டர் மெமரியின் எல்லைக்கோடு

தயாரித்த கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது, ஆனால் ரவுட்டர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. இப்படிப்பட்ட நிலையில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: கம்பெனி ஃபர்ம்வேரை நீக்கிவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி போடுங்கள். லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு 2004 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் கட்டற்ற ஃபர்ம்வேர் அது. யோசனையில் பழுதில்லை. ஆனால் அதைச் சொன்னவரே உடனே கேட்பார்: "உங்களுடையது எத்தனைக்கு எத்தனை?" நாலுக்கு முப்பத்திரண்டு என்றால் உதட்டைப் பிதுக்குவார். எட்டுக்கு அறுபத்துநாலு என்றால் தயங்குவார். பதினாறுக்கு நூற்றிருபத்தெட்டு என்றால் தாராளமாகச் செய்யலாம் என்பார்.

முதல் எண் ஃபிளாஷ், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பு. இரண்டாவது ரேம், வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம். இரண்டும் மெகாபைட் கணக்கு. ஜிகாபைட்டில் பேசிப் பழகிய காலத்தில் 4 எம்பி என்பதே பலருக்கு நம்ப முடியாத எண்ணாக இருக்கும். ஆனால் பல வீடுகளின் இணையம் முழுவதும் இந்த அளவுள்ள சில்லுகளின் வழியாகத்தான் போய்வந்தது, இன்னும் போய்வருகிறது.

ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் இந்த இரண்டு எண்களைச் சேர்த்து ஒரு கோடு கிழித்தது. 19.07 வரிசையோடு 4/32 சாதனங்களுக்கான அதிகாரபூர்வ ஆதரவு முடிந்தது. 2021 செப்டம்பரில் வந்த 21.02 வரிசை, குறைந்தது 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் வேண்டும் என்று அறிவித்தது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு 16/128 அல்லது அதற்கு மேல் என்பது பரிந்துரை. இந்தக் கோட்டைக் கிழித்தது சரி என்பதே என் முடிவு. ஆனால் இயல்பில் முற்றிலும் வேறான இரண்டு எல்லைகளை ஒரே மூச்சில், ஒரே எண்ணைப் போல உச்சரிக்கப் பழக்கியது பெருங்குறை. ஃபிளாஷ் பற்றாக்குறையைப் பெரும்பாலும் முதல் நாளே தெரிந்துகொள்ளலாம். ரேம் பற்றாக்குறை பல நாள் கழித்து, வேறு ஏதோ கோளாறின் முகத்தோடு வரும்.

முதலில் ஃபிளாஷ். டிபி-லிங்க் கம்பெனியின் டபிள்யூஆர்841என் பழைய பதிப்புகளில் ஒன்றைத் திறந்தால், பலகையில் எட்டுக் கால்களுடன் ஒரு சிறு சில்லு இருக்கும். அதன் முதுகில் 25 என்று தொடங்கி 32 என்று முடியும் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த 32, மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 4 மெகாபைட், அதாவது 4096 கிலோபைட். இதில் முதல் 128 கிலோபைட்டைத் துவக்க நிரல் எடுத்துக்கொள்ளும். கடைசி 64 கிலோபைட்டில் வைஃபை வானொலிக்கான அளவுத்திருத்தத் தரவு இருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட பலகைக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய தரவு அது. அழிந்தால் வைஃபை செத்தது போலத்தான். ஃபர்ம்வேர் மாற்ற நினைப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தப் பகுதியைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும், பலர் எடுப்பதில்லை. ஆக, லினக்ஸின் மையமான கெர்னல், நிரல்கள், இணையப் பக்க இடைமுகம், நம் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து குடியேற மிஞ்சுவது 3904 கிலோபைட்.

அந்த 3904-க்குள் ஓப்பன்டபிள்யூஆர்டி இரண்டு அடுக்குகளை வைக்கிறது. கீழே ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, இறுக்கிச் சுருக்கிய, படிக்க மட்டுமே முடிகிற கோப்பமைப்பு. மேலே ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற எழுதத்தக்க அடுக்கு. நாம் மாற்றும் கடவுச்சொல், வைஃபை பெயர், புதிதாக நிறுவும் நிரல் எல்லாம் மேலடுக்கில் மட்டுமே போய்ச் சேரும். புதிதாக வருகிற எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். இடம் போதவில்லையே என்று, தேவையில்லாத நிரல் ஒன்றை நீக்குகிறார்கள். அது ஃபர்ம்வேரோடு வந்த நிரல் என்றால், கீழடுக்கில் அப்படியே இருக்கும். "இதை நீக்கியாயிற்று" என்ற குறிப்பு மட்டும் மேலடுக்கில் எழுதப்படும். இடம் கூடுவதற்குப் பதில் சிறிது குறைந்துவிடும். ஃபர்ம்வேரோடு வந்த நிரலைப் புதுப்பித்தாலும் இதே கதை. பழையது கீழே, புதியது மேலே, ஒரே நிரலுக்கு இரண்டு இடம். கணினியிலும் கைப்பேசியிலும் நமக்குப் படிந்த பழக்கம் இங்கே நேர் எதிராக வேலை செய்கிறது.

மேலடுக்குக்கும் ஒரு தரைமட்டம் உண்டு. ஜேஎஃப்எஃப்எஸ்2 இயங்க அழிப்புத் துண்டுகள் குறைந்தது ஐந்து வேண்டும். ஒரு துண்டு 64 கிலோபைட் என்றால் 320 கிலோபைட். கெர்னலும் கீழடுக்கும் பெருத்து இந்த 320-ஐயும் விழுங்கிவிட்டால் ரவுட்டர் எழும், வைஃபையும் வரும். ஆனால் மேலடுக்கு ரேமில் தற்காலிகமாக அமைக்கப்படும். மின்சாரம் போய்வந்தால் நாம் செய்த அமைப்பு எதுவும் இருக்காது. சிறிய ஃபிளாஷில் நிகழும் கோளாறுகளில் மறைந்து வருவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெளிப்படை: கோப்பு பெரிதாக இருந்தால் கருவி ஏற்க மறுக்கும், அல்லது அந்தப் பதிப்புக்கு அந்தச் சாதனத்தின் கோப்பே வெளியிடப்பட்டிருக்காது. இடமில்லை என்ற பதில் முகத்துக்கு நேராக வந்துவிடும்.

ரேம் அப்படி நேராகச் சொல்வதில்லை. 32 எம்பி சில்லு உள்ள ரவுட்டரில் நுழைந்து நினைவகக் கணக்கைக் கேட்டால், மொத்தம் என்ற இடத்திலேயே சுமார் 28 எம்பிதான் காட்டும். மீதியைக் கெர்னல் தனக்கென்று முன்பே பிடித்துவைத்திருக்கும். அந்த 28-இல் வைஃபை இயக்கி தன் தாங்கல்களை வைக்கும். ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைக்கும் அட்டவணை அதில்தான் வளரும். தற்காலிக அடைவும் ரேமிலேயே இருப்பதால் பதிவுக்குறிப்புகள், முகவரி ஒதுக்கீட்டுப் பட்டியல், நிரல்தொகுப்புப் பட்டியல் எல்லாம் அங்கேயே தங்கும். நிறுவிய அன்று இரண்டு கைப்பேசிகளோடு பார்த்தால் எல்லாம் சுகமாக ஓடும். உறவினர்கள் வந்து எட்டுப் பத்து கைப்பேசிகள் ஒட்டிக்கொள்ளும்போதோ, யாராவது டோரன்ட் திறந்து ஆயிரக்கணக்கில் இணைப்புகள் போடும்போதோதான் நெருக்கடி தெரியும்.

அப்போதும் அது நெருக்கடியாகத் தெரியாது என்பதுதான் கொடுமை. நினைவகம் தீர்ந்தால் கெர்னல் ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்து கொன்று இடம் எடுத்துக்கொள்ளும். பலியாவது பெயர்களை முகவரியாக மாற்றும் நிரல் என்றால், நெட் இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்காது. வைஃபை அனுமதியைப் பார்க்கும் நிரல் என்றால், எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் கழன்று மறுபடி ஒட்டும். மேற்பார்வை நிரல் செத்ததை எழுப்பிவிடுவதால், ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். வீட்டுக்காரர் நெட் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டுவார். அங்கிருந்து வந்து பார்ப்பவர் கேபிளை மாற்றுவார். குற்றவாளி யார் என்று பதிவுக்குறிப்பைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். ரவுட்டர் முழுதாக மறுதொடக்கமானால் ரேமில் இருந்த அந்தக் குறிப்பும் போய்விடும்.

புதிய பதிப்புக்கு மாறும் நேரம் ரேமுக்கு வரும் பெரிய சோதனை. ஃபர்ம்வேர் கோப்பு முதலில் ரேமில்தான் வந்து இறங்குகிறது. அங்கே சரிபார்க்கப்பட்ட பிறகுதான் ஃபிளாஷில் எழுதப்படுகிறது. இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. டிபி-லிங்கின் டபிள்யூஆர்1043என்டி முதல் பதிப்பில் ஃபிளாஷ் 8 எம்பி, ரேம் 32 எம்பி. 4/32-ஐவிட ஒரு படி மேல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 4 எம்பி சாதனத்துக்கான கோப்பு நான்குக்குள் அடங்கியாக வேண்டும், 8 எம்பி சாதனத்துக்கான கோப்போ ஆறு வரை போகலாம். அந்த ஆறையும் அதே 28-க்குள் இறக்க வேண்டும். ஃபிளாஷ் கூடியதால் மேம்படுத்தும் நேரத்தில் ரேம் நெருக்கடி அதிகமாகிறது. வழி இல்லாமல் இல்லை: முதலில் ரவுட்டரை மறுதொடக்கம் செய்து, வைஃபையை நிறுத்தி, கெர்னலின் இடைச்சேமிப்பைக் காலிசெய்துவிட்டு, கம்பி வழியாகக் கோப்பை ஏற்ற வேண்டும். தெரிந்தவர் செய்துவிடுவார். எட்டு என்ற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைந்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

கோடு கிழித்ததன் நியாயத்துக்கு வருவோம். 19.07-இல் லினக்ஸ் கெர்னல் 4.14, 21.02-இல் 5.4, 24.10-இல் 6.6. ஒவ்வொரு தாவலிலும் கெர்னல் பெருத்தது. அதோடு டபிள்யூபிஏ3 பாதுகாப்பும், நிர்வாகப் பக்கத்துக்கான மறையாக்கமும் 21.02-இல் இயல்பாகவே சேர்ந்தன. இவற்றை வீண் கொழுப்பு என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டின் வாசலில் நிற்கும் கருவிக்கு இவை வேண்டும். எல்லாவற்றையும் 3904 கிலோபைட்டுக்குள் அமுக்க, தன்னார்வலர்கள் ஒவ்வொரு கிலோபைட்டாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த உழைப்பு புதிய சாதனங்களுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் போகவேண்டியது. சம்பளமில்லாத கைகளின் நேரத்தைக் காப்பதும் ஒரு திட்டத்தின் கடமை. 23.05-இல் மறையாக்க நூலகத்தையே மாற்றி, எம்பெட்டிஎல்எஸ் என்ற சிறிய நூலகத்துக்குப் போனார்கள். கோடு கிழித்த பிறகும் சிக்கனத்தை அவர்கள் கைவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

பாதுகாப்பை வைத்துப் பார்த்தால் நியாயம் இன்னும் வலுக்கிறது. 19.07-க்கு முந்தைய 18.06 வரிசையின் கடைசி வெளியீடு 2020 டிசம்பரில் வந்தது. 2021 ஜனவரியில் பெயர்-முகவரி நிரலான டிஎன்எஸ்மாஸ்க்கில் டிஎன்எஸ்பூக் எனப்பட்ட ஓட்டைகள் வெளியாயின. மே மாதம் வைஃபை நெறிமுறையையே தொடும் ஃப்ராக்அட்டாக்ஸ் குறைபாடுகள். பழைய பதிப்போடு நின்றுவிட்ட 4/32 ரவுட்டர், நிற்கும் இடத்திலேயே ஆபத்தானதாக மாறிக்கொண்டே போகிறது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் சாதனங்களைப் பிடித்தது. பெரும்பாலும் வீடு, சிறு அலுவலக ரவுட்டர்கள். "சின்ன ரவுட்டர், இதில் யாருக்கு என்ன ஆசை" என்ற சமாதானம் அதோடு செத்தது. பழைய சாதனத்தில் பழைய பதிப்பைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கச் சொல்லும் யோசனையை என்னால் ஏற்க முடியாது. திட்டம் மறுத்ததே பொறுப்பான செயல்.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நாலுக்கு முப்பத்திரண்டு, எட்டுக்கு அறுபத்துநாலு என்ற இரட்டை எண், கையடக்கமான எச்சரிக்கையாகப் பிறந்தது. போகப் போக அதுவே முழு அறிவு போல ஆகிவிட்டது. ஃபிளாஷ் பற்றாக்குறைக்கு மருந்து இருக்கிறது: தேவையான நிரல்களை மட்டும் சேர்த்து நமக்கென்று ஒரு ஃபர்ம்வேர் கோப்பைக் கட்டும் இமேஜ் பில்டர். வேண்டாததை முதலிலேயே விட்டுவிடலாம்; வேண்டியது கீழடுக்கில் சுருங்கி உட்காரும். இப்போது இணையப் பக்கத்திலிருந்தே பட்டியலைக் கொடுத்துக் கோப்பைப் பெறலாம். 8 எம்பி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. யூஎஸ்பி துளை இருந்தால் மேலடுக்கை பென் டிரைவுக்கு மாற்றலாம், ஆனால் அதற்கான கெர்னல் துணைநிரல்கள் முதலில் அந்தச் சிறிய ஃபிளாஷுக்குள் இடம்பிடிக்க வேண்டும்.

ரேமுக்கு இப்படி ஒரு மருந்து கிடையாது. நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் 64 எம்பி சாதனத்தில் மூச்சு விட இடம் கொடுக்கும். 32-இல், பலவீனமான செயலியின் நேரத்தைத் தின்று கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஆகவே ஒருவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ரேம் எத்தனை என்பது. இரட்டை எண்ணில் ஃபிளாஷ் முன்னால் நிற்பதால் எல்லாரும் அதையே முதலில் பார்க்கிறார்கள், அதைக் கூட்டவே அலைகிறார்கள். எட்டுக் கால் சில்லைப் பற்றவைத்து மாற்றுவதுகூட நடக்கிறது. கைத்திறனுக்கு வணக்கம். ஆனால் ரேமை மாற்றாமல் ஃபிளாஷை மட்டும் நான்கிலிருந்து பதினாறாக்குவது, சமையலறை பழையபடி இருக்க மளிகை அறையை மட்டும் பெரிதாக்குவது போல.

மொத்த எண் ஏமாற்றும் இன்னொரு வகையும் உண்டு. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி1900ஏசி முதல் பதிப்பில் ஃபிளாஷ் 128 எம்பி. யாரும் இடப் பஞ்சம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அதில் கெர்னலுக்கென்று ஒதுக்கிய பகிர்வு 3 எம்பிதான். கெர்னல் வளர்ந்து அதைத் தாண்டியபோது, பக்கத்தில் நூறு எம்பி சும்மா கிடந்தும் பகிர்வு எல்லையை மாற்றாமல் ஏற்ற முடியவில்லை. எத்தனை எம்பி என்பதோடு, எப்படிப் பங்கு போட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரட்டை எண்ணில் இதற்கு இடமே இல்லை.

கடைக்குப் போகிறவருக்கு இந்த எண் எங்கே கிடைக்கும்? அட்டைப்பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஆன்டெனா படம் இருக்கும். ஃபிளாஷும் ரேமும் பெரும்பாலும் எங்கும் இராது. பெயரை வைத்துத் தேடினாலும் நம்ப முடியாது. டபிள்யூஆர்841என் 13-ஆம் பதிப்பில் 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் வந்தன. அதே பெயரில், அதே தோற்றத்தில் வந்த 14-ஆம் பதிப்பு மறுபடி 4/32. புதியதை வாங்கியவருக்குப் பாதி கிடைத்தது. வேறுபாடு அடியில் ஒட்டிய சீட்டின் சிறிய எழுத்தில் மட்டும் இருந்தது.

இந்தப் பழக்கத்துக்கு வேர் ஆழம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி 2002 கடைசியில் வந்தது. உள்ளே லினக்ஸ் ஓடுவது தெரியவந்து, ஜிபிஎல் உரிமப்படி 2003-இல் கம்பெனி மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. ஓப்பன்டபிள்யூஆர்டி அதிலிருந்துதான் முளைத்தது. அந்த ரவுட்டரில் 4 எம்பி ஃபிளாஷ், 16 எம்பி ரேம். 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, ஃபிளாஷை 2 எம்பியாகவும் ரேமை 8 எம்பியாகவும் குறைத்தார்கள். லினக்ஸ் வேண்டும் என்றவர்களுக்குப் பழைய அளவோடு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்றார்கள். ஒரு சில்லில் மிச்சம்பிடித்த சில்லறை, லட்சக்கணக்கான பெட்டிகளில் கம்பெனிக்கு லாபமாகிறது. அதன் விலையைப் பல ஆண்டு கழித்து, அப்டேட் ஏற்ற இடமில்லாத பெட்டியை வைத்திருப்பவர் கொடுக்கிறார்.

ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் தன்னார்வ வலையமைப்புகள் இதை மொத்தமாக அனுபவித்தன. விலை மலிவு என்பதால் 841 மாதிரியே அவர்களின் கூரைகளிலும் ஜன்னல்களிலும் நெடுங்காலம் நிறைந்திருந்தது. எல்லைக்கோடு விழுந்ததும், வேலை செய்துகொண்டிருந்த கருவிகளைக் கழற்றி வேறு மாட்டுங்கள் என்று உறுப்பினர்களிடம் கேட்க வேண்டிவந்தது. இதை வைத்து ஓப்பன்டபிள்யூஆர்டியைக் குறைசொல்கிறவர்கள் உண்டு: கட்டற்ற மென்பொருளும் பழையதைக் குப்பைக்கு அனுப்புகிறதே என்று. மின்கழிவுக் கவலை உண்மையானது. ஆனால் பழி போய்ச்சேர வேண்டிய இடம், 2010-களின் பிற்பகுதியிலும் 4/32 பலகையைப் புதிதாக வடிவமைத்து விற்றவர்கள். தன்னார்வலர்கள் அந்தக் கருவிகளுக்குத் தயாரிப்பாளர் தராத கூடுதல் ஆயுளைக் கொடுத்தவர்கள்.

மாற்றுவழி இருக்கிறது என்று காட்டவும் செய்தார்கள். 2024 நவம்பரில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்போடு சேர்ந்து ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற சொந்த ரவுட்டரைக் கொண்டுவந்தார்கள். 1 ஜிபி ரேம், 256 எம்பி முதன்மை ஃபிளாஷ். அதற்கு மேல், தனியாக ஒரு 16 எம்பி ஃபிளாஷில் மீட்பு நிரல். முதன்மையில் என்ன தவறு நடந்தாலும் இரண்டாவதிலிருந்து எழுப்பிவிடலாம். பற்றாக்குறையோடு இருபது ஆண்டு மல்லுக்கட்டியவர்கள் வடிவமைத்தது என்பது அந்த இரண்டாவது சில்லில் தெரிகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழி மீள்திறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். சாதனத்தின் பயன்பாட்டுக் காலம் அதைவிடக் குறைவாக இல்லாதவரை, குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புக் குறைகளைத் தயாரிப்பாளர் சரிசெய்து தர வேண்டும் என்கிறது சட்டம். ஐந்தாண்டுத் திருத்தங்களைத் தாங்க இடம் வேண்டும். விளிம்புவரை நிரப்பிய 4 எம்பி பலகையை இனி விற்பவர், திருத்தம் எழுதி முடித்தபின் அதை வைக்க இடம் தேடுவார். ஃபிளாஷ், ரேம், கெர்னல் பகிர்வு, பதிப்பு எண் நான்கையும் அட்டைப்பெட்டியில் அச்சிட வேண்டும் என்று இதோடு ஒரு விதி சேர்ந்தால், இரட்டை எண்ணை வாய்மொழியாகக் கடத்தும் வேலையே மிச்சம்.

அதுவரை கையில் 4/32 வைத்திருப்பவர் அதை இணைய வாசலிலிருந்து எடுத்துவிட்டு, வைஃபையையும் அணைத்து, நல்ல ரவுட்டர் ஒன்றின் பின்னால் வெறும் கம்பி ஸ்விட்சாக வைத்துக்கொள்ளலாம். 8/64 வைத்திருப்பவர் இமேஜ் பில்டரைக் கற்றுக்கொள்ள இதுவே நேரம். புதிதாக வாங்குபவர் ரேம் 128-க்குக் கீழே இருந்தால், ஃபிளாஷ் எத்தனை என்று கேட்காமலே அடுத்த பெட்டிக்குப் போகலாம்.